குமரியில் உதயம்: எந்த மாதம், எந்தக் கரை?

நாகர்கோவிலில் வீடு இருந்தால் வருஷம் முழுக்க விருந்தாளிகள் உண்டு. சென்னையிலிருந்து மயினி வீட்டார் வருவார்கள், கோயம்புத்தூரிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள் வருவார்கள், சபரிமலைக்கு மாலை போட்டுப் போய்விட்டு அப்படியே இங்கே இறங்குகிற சாமிமார்கள் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "காலைல சன்ரைஸ் பாக்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" எங்கே பார்க்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கன்னியாகுமரி முனையை விட்டால் வேறு இடமே இல்லை என்றுதான் நினைப்பு. இப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய்த் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் உதயம் பார்க்க வருகிறவர்கள் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் இடம்.

மணிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் 6 மணியை ஒட்டி உதிக்கும். வருஷத்தில் அதுதான் சீக்கிரம். பிப்ரவரி தொடக்கத்தில் 6.40 ஆகிவிடும். அக்டோபர், நவம்பரில் 6.10 வாக்கில் இருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 8 டிகிரியில் இருக்கிறோம் என்பதால் வருஷம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் நாற்பது நிமிட வித்தியாசம்தான். மே மாதத்தில் சென்னையில் 5.40-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், இங்கே வராது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துப் போட்ட கணக்கு. குமரி இருப்பது 77.5-ல். அந்த ஐந்து டிகிரிக்கு இருபது நிமிடம். ஆகவே தை மாதத்தில் நாலரை மணிக்கே பிள்ளைகளை எழுப்பிக் கடற்கரையில் உட்காரவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்காக உதய நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றாலும் பிரயோஜனமில்லை. மேல் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் தண்ணீரை விட்டு வெளியே வர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அவ்வளவுதான். நம் பகுதியில் சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறாது, கிட்டத்தட்ட நேராக மேலே போகும். வானத்தின் நிறமெல்லாம் அதற்கு முந்தின அரை மணி நேரத்தில்தான். சாம்பல், அப்புறம் ஊதா, அடிவானத்தில் மெல்லிய செம்பு நிறம் என்று மாறிக்கொண்டே வரும். உதயத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் இடத்தில் இருந்தால் போதும். சூரியன் வந்து கால் மணி நேரத்தில் கண் கூசத் தொடங்கிவிடும்.

வானிலைச் செயலி 6.33 என்று காட்டினால் கடலில் 6.33-க்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அடிவானத்தில் பெரும்பாலும் ஒரு மேகப்பட்டை கிடக்கும். சூரியன் அதற்குப் பின்னாலிருந்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். "இன்னைக்கு இல்ல போல" என்று கூட்டம் கலைந்து டீக்கடைப் பக்கம் திரும்பிய பிறகு அது வெளியே வருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆகவே 6.50 வரை இருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடிவானம் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை விட்ட மறுநாள் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், மழைக்கு நடுவில் ஒன்றும் தெரியாது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் கொட்டுகிற அளவுக்கு முனையில் மழை இருக்காது. மேகம் மட்டும் கிடந்து ஏமாற்றும்.

இனி திசை. கிழக்கே உதிக்கும் என்று சொல்கிறோமே தவிர, சரியான கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான். மார்கழியில் தெற்கே தள்ளியும் ஆனியில் வடக்கே தள்ளியும் வரும். இரண்டு பக்கமும் சுமார் இருபத்துமூன்று, இருபத்துநான்கு டிகிரி. கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. அப்படி இரண்டு முஷ்டிக்குச் சற்று மேலே போட்டுப் பாருங்கள், சூரியன் எங்கே வரும் என்று முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடலாம். படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் பின்னால் சூரியன் வருகிற மாதிரி ஒரு படம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் வைகாசி, ஆனியில் முக்கடல் சங்கமத்தில் நின்றால் சூரியன் இரண்டு பாறைக்கும் இடது பக்கம் வெகுதூரம் தள்ளி, கூடங்குளம் பக்கத்துக் கரையை ஒட்டி வரும். சிலை ஒரு மூலையில், சூரியன் ஒரு மூலையில். குளிர்மாதங்களில்தான் சிலை பக்கமாகச் சூரியன் வரும். அப்போதும் ஒரே இடத்தில் நிற்காமல் கரையோடு நடந்து பாருங்கள். சூரியன் சிலைக்கு வலது பக்கம் தள்ளி வந்தால் நீங்கள் வடக்கே, தேவாலயப் பக்கமாக நகர வேண்டும். இடது பக்கம் வந்தால் தெற்கே. ஐம்பதடி நடந்தாலே படம் மாறிவிடும்.

இன்னொன்றும் கேட்பார்கள்: உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில் தெரியுமாமே? உதயம் முனையிலிருந்து வருஷம் முழுக்கக் கடலில் தெரியும். அஸ்தமனம் அப்படி இல்லை. ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் நடு வரைதான் அங்கிருந்து கடலில் விழும். மற்ற மாதங்களில் கரைக்குப் பின்னால் போய்விடும். அதைப் பார்க்க முனைக்குப் பக்கத்தில் உள்ள கோவளம் (கேரளக் கோவளம் அல்ல) சாலையில் இருக்கிற சன்செட் பாயிண்டுக்குப் போக வேண்டும்.

முனையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப சீசன். சங்கமத்தின் கல்படிகளில் கால்வைக்க இடம் இருக்காது. தொப்பி, பாசிமாலை, பாக்கெட்டில் போட்ட கலர் மணல், கூலிங் கிளாஸ் எல்லாம் விற்பார்கள். அது ஒரு திருவிழா. குழந்தைகளுக்குப் பிடிக்கும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்சம் அமைதியாகப் பார்க்க நினைத்தால் அலங்கார உபகார மாதா ஆலயத்தைத் தாண்டி, கரையோடு சின்னமுட்டம் பக்கம் வடக்கே போங்கள். அங்கே விசைப்படகுத் துறைமுகம் இருக்கிறது. படகுகள் விடியும் முன்பே கிளம்பிப் போய் ராத்திரி திரும்பும். அதனால் வானம் வெளுக்கும் நேரத்தில் கடலில் படகு விளக்குகள் வரிசையாகத் தூரம் போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், அப்போது சின்னமுட்டத்தில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். படகு தெரிகிற மாதிரிப் படம் வேண்டுமென்றால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 'சன்ரைஸ் வியூ ரூம்' என்று கூடுதலாக வாங்குவார்கள். என் சித்தப்பா மகன் அப்படி ஒரு ரூம் எடுத்து, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர் டேங்க் தெரிந்தது. கேட்டதற்கு, "மொட்டைமாடிக்குப் போனா தெரியும் சார்" என்றார்கள். மொட்டைமாடியில் தெரியத்தான் செய்தது, அதற்கு எதற்கு ரூமுக்குக் கூடுதல் காசு? ரூம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் மாடிக்கு விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு சாதாரண ரூமே எடுங்கள். முட்டி வலி இருக்கிற பெரியவர்களுக்கும், சீசன் கூட்டத்தில் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் மாடிதான் நல்லது.

எனக்குப் பிடித்த இடம் முனையில் இல்லை. மணக்குடிக் காயல். பழையாறு கடலில் சேருகிற இடம். கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் பாலம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போனது; பிறகு கட்டியதுதான் இப்போது இருப்பது. பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் காயல், அலையே இல்லாத தண்ணீர், அலையாத்திச் செடிகள். மறுபக்கம் பொழிமுகமும் கடலும். வெளிச்சம் முதலில் காயலில்தான் தெரியும். வானத்தில் இன்னும் நிறம் பிடிக்காத நேரத்திலேயே தண்ணீர் வெளுத்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிவார். வலை விரிந்து விழும்போது ஓரத்தில் கட்டிய ஈயமணிகள் தண்ணீரில் படும் சத்தம் பாலம் வரைக்கும் கேட்கும். வலையை இழுத்துக் கையில் சுருட்டி, பல்லில் ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டு மறுபடி எறிவார். இதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சூரியன் வந்ததைக் கவனிக்காமல் விட்ட விருந்தாளிகள் உண்டு.

மார்கழி, தை மாதங்களில் இன்னும் ஒரு வசதி. சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால், முனைக்கு மேற்கே இருக்கிற கடற்கரைகளிலும் கடலுக்கு மேலேயே உதயம் பார்க்கலாம். சொத்தவிளை, சங்குத்துறை எல்லாம் சாயங்காலக் கடற்கரைகள் என்றுதான் ஊரில் பேர். ஆனால் இந்த இரண்டு மாதமும் காலையில் போய்ப் பாருங்கள், கடற்கரை காலியாகக் கிடக்கும். நாகர்கோவிலிலிருந்து முனைக்குப் போகிற இருபது கிலோமீட்டரில் பாதிதான் தூரம். சித்திரைக்கு மேல் இங்கே வந்தால் தென்னைக்குப் பின்னால்தான் உதிக்கும், அதனால் மாதம் முக்கியம்.

இந்தக் கரைகளில் கரமடி இழுப்பதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று கரையிலிருந்தே இழுப்பார்கள். மெதுவாக, பின்பக்கமாக நடந்து. கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடிப் பிடிப்பார். மடி கரைக்கு வரும்போது நெத்திலியோ சாளையோ துள்ளும். நம் ஆட்கள் உடனே செல்போனைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு நடுவில் போய் நின்றுவிடுவார்கள். "மக்களே, அங்க நிக்காதீங்க, கயிறு வருது" என்று ஒரு பெரியவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் இழுக்கிற கயிறு காலில் சுற்றினால் ஆளைச் சாய்த்துவிடும். கடற்கரை அவர்களுக்கு வேலை நடக்கிற இடம். காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது, முகம் தெரிகிற மாதிரிப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள்.

மருந்துவாழ் மலை நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும். நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலையில் பொற்றையடிப் பக்கத்தில் இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று கதை. ஸ்ரீநாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. படிகள் ஒரு கட்டத்துக்கு மேல் இல்லாமல் பாறையும் கல்லுமாகிவிடும். ஏற ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் உதயத்துக்கு மேலே இருக்க வேண்டுமென்றால் இருட்டில்தான் ஏற வேண்டும். செல்போன் விளக்கை நம்பாதீர்கள். கையிரண்டும் பாறையைப் பிடிக்கத் தேவைப்படும். தலையில் கட்டுகிற டார்ச், பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். தனியாக ஏற வேண்டாம், வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவராவது கூட இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையை வெளியே காட்டாமல் இருப்பது நல்லது. மேலே நின்றால் கிழக்கே கடலும் காற்றாலைகளும், தெற்கே முனையும் தெரியும். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் வந்தவுடன் ஒரு தடவை பின்னால் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் வயல்கள், தென்னந்தோப்புகள் மேலே முக்கோணமாக நீண்டு விழுந்து கிடக்கும், சூரியன் ஏற ஏற நிழல் மலையடியை நோக்கிச் சுருங்கும். இதைக் கடற்கரையில் நின்று பார்க்க முடியாது.

பறவை பார்க்கிறவர்களுக்குத் தேரூர்க் குளம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கடல் இல்லை, தென்னைகளுக்கு மேலே சூரியன் ஏறும், ஆகவே கடற்கரையைவிடப் பத்து நிமிடமாவது தாமதமாகத் தெரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், கதவை அடிக்கிற சத்தத்துக்கே நாரைக் கூட்டம் எழுந்துவிடும். சுசீந்திரம் கோயிலுக்குப் போகிறவர்கள் அதோடு சேர்த்து முடித்துக்கொள்ளலாம்.

வட்டக்கோட்டைக்கு உதயம் பார்க்கப் போகலாமா என்று கேட்பார்கள். திருவிதாங்கூர்க் காலத்துக் கோட்டை, தொல்லியல் துறை பராமரிப்பது, விடிகாலையில் கதவு திறந்திருக்காது. பக்கத்துக் கடற்கரையில் நிற்கலாம்; கறுத்த மணல், வெளிச்சம் சாய்ந்து விழும்போது மினுங்கும். கோட்டைக்குள் போக வேண்டுமென்றால் கதவு திறந்த பிறகு வாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் பனிக்காலக் காலையில் அழகுதான், ஆனால் உதயத்துக்கென்று அவ்வளவு தூரம் போவது வீண். தேங்காப்பட்டணம் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குமரிக் கடற்கரைகள் பெரும்பாலும் சட்டென்று ஆழமாகிற கரைகள். பாறையில் பாசி பிடித்திருக்கும். இருட்டில் அலை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் பண்ணிக் கரையில் ஏறும். எச்சரிக்கை வந்தால் கடற்கரைக்குப் போகவிடமாட்டார்கள், பாறைக்குப் படகும் போகாது. அன்றைக்குப் போலீஸ்காரரிடம் வாதாடாமல் மாடிக்குப் போய்விடுங்கள். மற்ற நாள்களிலும் வெளிச்சம் வருகிற வரை ஈரமணலுக்கு மேலே, காய்ந்த மணலில் நில்லுங்கள். அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது.

செல்போனில் படம் எடுப்பவர்கள் சூரியன் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்துவிட்டு எடுங்கள். அப்படியே விட்டால் சூரியன் வெள்ளைப் பொட்டாகிவிடும். பெரிதாக்கி எடுப்பதில் பயனில்லை. முன்னால் ஒரு வள்ளமோ ஆளோ இருக்கிற மாதிரி நின்றால் போதும்.

ராத்திரி ரயிலை நம்பி வருகிறவர்களுக்கு: விடியும் நேரத்தில் வந்து சேருகிற ரயில் அரை மணி தாமதமானால் உதயம் ஜன்னல் வழியாகத்தான். முந்தின நாளே வந்து தங்குவதுதான் சரி. நாகர்கோவிலில் தங்கினால் வடசேரியிலிருந்தும் அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்தும் முனைக்குப் பஸ் உண்டு. ஆனால் மணக்குடி, மருந்துவாழ் மலை மாதிரி இடங்களுக்கு இருட்டோடு போக ராத்திரியே ஆட்டோ பேசி வைத்துவிடுங்கள். திரும்பும்போதும் ஆட்டோ வேண்டும் என்பதைச் சேர்த்துப் பேசுங்கள், காலையில் அங்கே நின்று வண்டி தேட முடியாது.

உதயம் முடிந்ததும் பாறைக்குப் போக நினைப்பவர்களுக்குப் படகு 8 மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும். விவேகானந்தர் மண்டபத்துக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் வந்ததிலிருந்து வரிசை நீண்டுவிட்டது. சீசனில் ஏழு மணிக்கெல்லாம் ஆட்கள் நிற்பார்கள். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குப் புட்டும் பயறும் பப்படமும் போதும், கூட மட்டி என்கிற வாழைப்பழம் கேளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விரல் மாதிரி சின்னதாக இருக்கும். புட்டோடு பிசைந்து சாப்பிட வேண்டும். பெரிய குடும்பமாக வந்தால் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் சாப்பிட்டு வரலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை அத்தானுக்கு. அவருக்கு இரண்டு புட்டு பார்சல்.